சிறைக்கோட்டமும் அறக்கோட்டமும்

நுழையும்முன்

பெற்றோரை இழந்த குழந்தை, பிள்ளைகள் தொலைதேசத்தில் வாழும் முதியவர், மனநலம் குன்றியவர், உடலியக்கம் இழந்தவர் எனப் பலரும் பிறருடைய கைகளை நம்பியே நாள்களைக் கழிக்கின்றனர். அவர்கள் தங்கி வாழும் இல்லத்தை நடத்துவது உணவும் படுக்கையும் அளிப்பதோடு முடிந்துவிடுவதன்று. பிறருடைய வாழ்வின் மீது தமக்குக் கிடைத்த அதிகாரத்தைத் தலைமையில் இருப்போர் எவ்வாறு பயன்படுத்துகின்றனர் என்பதே அதன் உரைகல். அத்தகைய தலைமையின் இயல்புகளை இப்பாடம் எடுத்துரைக்கிறது.

புகார் நகரத்துச் சிறைக்கோட்டத்திற்குள் மணிமேகலை அமுதசுரபியுடன் நுழைகிறாள். பசியால் வாடிய சிறையாளர் அனைவருக்கும் உணவளிக்கிறாள். செய்தியறிந்த சோழ மன்னன் அவளை அழைத்து, அவள் வேண்டுவது யாது என வினவுகிறான். அவள் பொன்னையோ பொருளையோ கேட்கவில்லை. சிறைக்கோட்டத்தை நீக்கி, அவ்விடத்தை அறவோர் வாழும் கோட்டமாக்க வேண்டும் என்கிறாள். மன்னனும் இசைகிறான். சீத்தலைச் சாத்தனார் இயற்றிய மணிமேகலையில் ‘சிறைக்கோட்டம் அறக்கோட்டமாக்கிய காதை’ இந்நிகழ்வைக் கூறுகிறது.

சிறைக்கும் காப்பகத்திற்கும் புறத்தோற்றத்தில் ஒற்றுமைகள் உண்டு. இரண்டிலும் சுற்றுச்சுவர் உண்டு, வாயிற்காவல் உண்டு, குறித்த வேளையில் உணவு உண்டு. தம் விருப்பப்படி வெளியேற இயலாத மனிதர்களும் உண்டு. இவ்விரண்டையும் வேறுபடுத்துவது கட்டடமன்று. உள்ளே நாள்தோறும் நிகழும் நடைமுறையே ஆகும். அறக்கோட்டமாகத் தொடங்கப்பெற்ற ஓர் இல்லம், கவனிப்பார் இன்றிச் சிறைக்கோட்டமாக மாறிவிடுவதும் உண்டு. அம்மாற்றம் ஒரே நாளில் நிகழ்வதன்று. சிறுசிறு விதிகளாக, சிறுசிறு அலட்சியங்களாக உள்ளே நுழைவது. அதனைத் தடுத்து நிறுத்துவதே நல்ல தலைமையின் முதற்கடமை.

நெய்யூரில் ஒரு குழந்தைகள் இல்லம்

இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்திலுள்ள நெய்யூர், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் திருவிதாங்கூர் அரசின் கீழ் இருந்தது. 1838ஆம் ஆண்டிலேயே மருத்துவப்பணி தொடங்கப்பெற்ற ஊர் அது. மேற்குத்தொடர்ச்சி மலைக்கு அப்பால், திருநெல்வேலிச் சீமையில் இருந்த டோனாவூரில், பொட்டுக்கட்டி விடப்படவிருந்த பெண்குழந்தைகளுக்கும் ஆதரவற்ற பெண்குழந்தைகளுக்கும் ஏமி கார்மைக்கேல் அடைக்கலம் அளித்துவந்தார். 1904ஆம் ஆண்டு முதல் பச்சிளங் குழந்தைகளும் அங்கு வரத் தொடங்கினர். அதனால் ஒரு புதிய சிக்கல் எழுந்தது. டோனாவூரில் அப்போது மருத்துவமனை இல்லை.

தாய்ப்பால் கிடைக்காத குழந்தையை வளர்த்தெடுப்பது அக்காலத்தில் அரிதினும் அரிய செயல். குளிர்பதனப் பெட்டி இல்லை. நோய்க்கிருமிகளை அழிக்கும் இன்றைய மருந்துகளும் இல்லை. பால் காய்ச்சும் கலத்திலோ ஊட்டும் கையிலோ சிறிது தூய்மை குறைந்தாலும் அது குழந்தையின் உயிருக்கே ஊறாக முடியும். எனவே, மருத்துவர் அருகில் இருக்கும் நெய்யூரில் குழந்தைகளுக்கென ஓர் இல்லம் தொடங்கப்பெற்றது. அதன் பொறுப்பைப் பொன்னம்மாள் ஏற்றார்.

பொன்னம்மாள் இளமையிலேயே கணவரை இழந்தவர். கைம்பெண்ணுக்கு வீட்டின் மூலை ஒன்றே உரியது என்று கருதப்பட்ட காலத்தில், ஓர் இல்லத்தின் தலைமை அவரிடம் ஒப்படைக்கப்பட்டது. பிறர் குழந்தைக்குக் கால்கழுவிவிடுவதும் அழுக்குத் துணி துவைப்பதும் கீழான வேலைகள் எனச் சமூகம் எண்ணியது. அவ்வேலைகளைப் பொன்னம்மாள் தாமே முன்நின்று செய்தார். தலைவியின் கை தொடும் வேலையைக் கீழான வேலை என்று ஒதுக்க உடன் பணியாற்றியோர்க்கு மனம் வரவில்லை.

துன்பமும் வந்தது. வயிற்றுக்கடுப்பு நோய் பரவி, நெய்யூர் இல்லத்துக் குழந்தைகள் பலர் இறந்தனர். ஊட்டி வளர்த்த குழந்தைகளை அடுத்தடுத்து இழந்த பெண்களின் மனநிலையைச் சொல்ல வேண்டியதில்லை. எனினும் பணி கைவிடப்படவில்லை. எஞ்சிய குழந்தைகள் காப்பாற்றப்பட்டனர். பின்னர்க் குழந்தைகள் டோனாவூருக்கே அழைத்துவரப்பட்டனர். புற்றுநோயால் 1915ஆம் ஆண்டில் இறக்கும்வரை பொன்னம்மாள் அப்பணியின் தூண்களுள் ஒருவராக விளங்கினார். பிற்காலத்தில் டோனாவூரிலேயே மருத்துவமனையும் எழுந்தது.

இந்நிகழ்வுகளிலிருந்து மூன்று செய்திகள் புலனாகின்றன. முதலாவது, அன்பு மட்டும் போதாது. உதவி கிடைக்கும் தொலைவில் இல்லம் அமைய வேண்டும். இரண்டாவது, நிறுவியவரே எல்லாவற்றையும் தம் கைக்குள் வைத்துக்கொள்ளலாகாது. தகுதியுடையவரைத் தேர்ந்து அவரிடம் பொறுப்பை முழுமையாக ஒப்படைக்க வேண்டும். ‘தெரிந்துதெளிதல்’, ‘தெரிந்துவினையாடல்’ என இரண்டு அதிகாரங்களைத் திருவள்ளுவர் இதற்கெனவே வகுத்தார். மூன்றாவது, இழப்பு நேர்ந்தபோது அதிலிருந்து கற்றுக்கொள்ளும் இல்லமே நிலைபெறும்.

ஏர்வாடி கற்பித்த பாடம்

2001ஆம் ஆண்டு ஆகஸ்டு 6ஆம் நாள் விடியற்காலையில், இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் மனநலம் குன்றியோர் தங்கவைக்கப்பட்டிருந்த தனியார் காப்பகம் ஒன்றின் கூரைக்கொட்டகையில் தீப்பற்றியது. அங்கிருந்தோர் பலர் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தனர். அதனால் எழுந்து ஓடவும் இயலவில்லை. 28 பேர் உயிரிழந்தனர்.

அவர்களை அங்கே விட்டுச்சென்ற குடும்பத்தினர் கொடியவர்கள் அல்லர். நோய் நீங்கும் என்ற நம்பிக்கையோடும், வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ள இயலாத வறுமையோடும் வந்தவர்களே மிகுதி. சங்கிலியிட்டவர்களும், நோயாளர் ஓடிப்போய்விடக் கூடாது என்னும் காரணத்தைக் கூறியிருக்கக்கூடும். ஆனால், அக்காரணத்தின் அடியில் வேறோர் உண்மை உண்டு. இரவில் விழித்திருந்து பார்த்துக்கொள்ளப் போதிய ஆள் இல்லாத இடத்தில்தான் சங்கிலி தேவைப்படுகிறது. பணியாளரின் இடத்தை அங்கே இரும்பு நிரப்புகிறது.

இக்கொடுமை நாட்டையே உலுக்கியது. உச்ச நீதிமன்றம் இதனைத் தானே முன்வந்து விசாரித்தது. உரிமம் இன்றி நடத்தப்பெற்ற காப்பகங்கள் மூடப்பட்டன; அங்கிருந்தோர் அரசின் பராமரிப்பிற்கு மாற்றப்பட்டனர். மனநலம் குன்றியவரை எந்த வகையிலும் சங்கிலியால் பிணைத்தலாகாது என 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் தடைவிதித்துள்ளது.

இரும்புச் சங்கிலியைச் சட்டத்தால் தடுக்கலாம். கண்ணுக்குத் தெரியாத சங்கிலிகளைத் தலைமையில் இருப்போரே கண்டறிய வேண்டும். சமையலர் விரைவில் வீடு திரும்ப வேண்டும் என்பதற்காக மாலை ஐந்து மணிக்கே இரவு உணவை முடித்துவிடுதல், தலைவாரிவிட நேரமில்லை என்பதற்காக மூதாட்டியின் கூந்தலை ஒட்ட வெட்டிவிடுதல், இரவில் கழிப்பறைக்கு அழைத்துச்செல்ல ஆள் இல்லை என்பதற்காகத் தண்ணீர் குடிப்பதைக் குறைத்தல், அறைக்கதவை வெளியே தாழிடுதல் ஆகியன அத்தகைய சங்கிலிகளே. இவை ஒவ்வொன்றிற்கும் ஒரு காரணம் கூறப்படும். நல்ல நிருவாகி ஒவ்வொரு விதியிடமும் ஒரே வினாவை எழுப்புவார்: இவ்விதி யாருடைய வசதிக்காக உள்ளது? விடை ‘இங்கு வாழ்வோருக்காக’ என்று அமையவில்லையெனில், அவ்விதி மாற்றப்பட வேண்டியதே.

பகிர்ந்துகொள்ளப்பட்ட தலைமை

தென்காசிக்கு அருகிலுள்ள ஆய்க்குடியைச் சேர்ந்த எஸ். இராமகிருஷ்ணன், பொறியியல் மாணவராக இருந்தபோது கடற்படை அதிகாரிக்கான தேர்வில் கலந்துகொண்டார். 1975ஆம் ஆண்டில் பெங்களூரில் நடைபெற்ற உடல்திறன் சோதனையின்போது கீழே விழுந்து தண்டுவடத்தில் காயமுற்றார். கழுத்துக்குக் கீழே இயக்கம் இல்லாது போயிற்று. 1981ஆம் ஆண்டில் தம் சொந்த ஊரிலேயே மாற்றுத்திறனாளிகளுக்கான அமைப்பு ஒன்றைத் தொடங்கினார். தமக்கு மருத்துவம் செய்து ஊக்கமளித்த மருத்துவர் அமர்ஜித் சிங் சாகலின் பெயரால் அதற்கு ‘அமர் சேவா சங்கம்’ எனப் பெயரிட்டார். சிறிய அளவில் தொடங்கிய அவ்வமைப்பு, பள்ளியும் இல்லமும் மறுவாழ்வுப் பயிற்சியும் கொண்ட பெரு வளாகமாக வளர்ந்தது. இராமகிருஷ்ணனுக்கு 2020ஆம் ஆண்டில் பத்மஸ்ரீ விருது வழங்கப்பெற்றது.

இப்பணியில் அவருடன் இணைந்தவர் எஸ். சங்கரராமன். தசைச்சிதைவு நோயினால் சக்கர நாற்காலியில் இயங்கும் அவர், பட்டயக் கணக்கர். ஒருவர் கனவு கண்டவர், மற்றவர் கணக்கறிந்தவர். தலைமை என்பது ஒரே மனிதரிடம் எல்லாத் திறன்களும் குவிந்திருப்பதன்று. தம்மிடம் இல்லாத திறனை உடையவரைத் தமக்கு இணையாக அமர்த்திக்கொள்ளும் மனப்பாங்கே தலைமை. பராமரிப்பைப் பெறுவோராக மட்டும் சமூகம் கருதியவர்கள், பராமரிப்பை வழங்கும் நிறுவனத்தையே நடத்திக்காட்டியமை ஆய்க்குடியின் தனிச்சிறப்பு.

கணக்கேடு அறத்தோடு தொடர்பற்றது என எண்ணுதல் பிழை. காப்பகங்கள் பலவும் அரசின் நிதியாலும் பொதுமக்களின் நன்கொடையாலும் நடைபெறுகின்றன. கணக்கில் தவறும் ஒவ்வொரு ரூபாயும் யாரோ ஒருவருடைய தட்டிலிருந்து எடுக்கப்பட்டதே. பாலில் நீரும், சாம்பாரில் பருப்பின்மையும், தாமதமாக வாங்கப்படும் மருந்தும் கணக்கேட்டின் குறைகள் மனிதரின் உடலில் வெளிப்படும் வடிவங்களாகும். ஆண்டுதோறும் தணிக்கை செய்யப்பெற்று, எவரும் காணும்படி வைக்கப்பெறும் கணக்கு நல்ல இல்லத்தின் முதல் அடையாளம்.

வாழ்வோரின் குரல்

போலந்து நாட்டின் வார்சா நகரில், 1912ஆம் ஆண்டில் யூதக் குழந்தைகளுக்கான இல்லம் ஒன்றன் பொறுப்பை மருத்துவரும் எழுத்தாளருமான யானுஷ் கோர்ச்சாக் ஏற்றார். அவ்வில்லத்தில் குழந்தைகளே நடத்தும் நீதிமன்றம் இருந்தது. ஆசிரியர்மீதும் குழந்தை வழக்குத் தொடுக்கலாம். கோர்ச்சாக்கும் அம்மன்றத்தின் முன் விடையளிக்க நின்றதுண்டு. தம்மை விசாரிக்கும் உரிமையைத் தம் பாதுகாப்பில் உள்ளவர்களுக்கு வழங்கிய தலைமை அது. 1942ஆம் ஆண்டு ஆகஸ்டில் நாஜிப் படையினர் அக்குழந்தைகளைக் கொலைமுகாமுக்குக் கொண்டுசென்றனர். தாம் மட்டும் தப்பிக்கும் வாய்ப்புகளைக் கோர்ச்சாக் முன்பே மறுத்திருந்தார். ஏறத்தாழ 200 குழந்தைகளோடு அவரும் சென்று உயிர்நீத்தார்.

குழந்தைகளின் குரலுக்கு இடமளிக்கும் அக்கருத்தை இன்று இந்தியச் சட்டமும் ஏற்றுள்ளது. இளைஞர் நீதிச் சட்டம், 2015 குழந்தைகள் இல்லங்கள் அனைத்தும் பதிவு செய்யப்பட வேண்டும் என்கிறது. அதன் விதிகள், ஒவ்வோர் இல்லத்திலும் நிருவாகக் குழுவும் குழந்தைகள் குழுவும் கருத்துப்பெட்டியும் இருத்தல் வேண்டும் என்கின்றன. ஒவ்வொரு குழந்தைக்கும் தனித்தனியே பராமரிப்புத் திட்டம் வகுக்கப்பட வேண்டும் என்றும் கூறுகின்றன. எனினும், சுவரில் பெட்டி தொங்குவதால் மட்டும் பயனில்லை. எவரைப் பற்றி முறையிட வேண்டியுள்ளதோ அவரிடமே பெட்டியின் சாவி இருக்குமாயின், அப்பெட்டியில் எவரும் எழுதியிடமாட்டார்.

முதியோர்க்கும் இது பொருந்தும். 1976ஆம் ஆண்டில் எல்லன் லாங்கர், ஜூடித் ரோடின் என்னும் உளவியலாளர் இருவர், அமெரிக்காவில் முதியோர் இல்லம் ஒன்றில் மேற்கொண்ட ஆய்வை வெளியிட்டனர். ஒரு தளத்தில் வாழ்ந்தோர்க்குத் தங்கள் நாளைத் தாங்களே வகுத்துக்கொள்ளலாம் எனக் கூறி, விரும்பிய செடியைத் தேர்ந்து வளர்க்கும் பொறுப்பும் தரப்பட்டது. மற்றொரு தளத்தில் செடிகள் கொடுக்கப்பட்டன. ஆனால், பணியாளரே அவற்றிற்கு நீர் வார்ப்பர் எனக் கூறப்பட்டது. சில வாரங்களில், பொறுப்பு பெற்றோர் மற்றவரினும் மகிழ்ச்சியும் சுறுசுறுப்பும் உடையவராகக் காணப்பட்டனர். செடிக்கு நீர்வார்ப்பது சிறிய செயல்தான். ஆயினும், தன் முடிவால் ஏதோ ஒன்று நிகழ்கிறது என்னும் உணர்வு எந்த வயதிலும் மனிதருக்குத் தேவைப்படுகிறது.

நாள்தோறும் நிகழும் நிருவாகம்

தலைமையின் உயர்ந்த கொள்கைகள் யாவும் இறுதியில் நாள்நடைமுறையாக மாற வேண்டும். படுத்த படுக்கையாக இருப்பவரை இரண்டு மணி நேரத்திற்கு ஒருமுறை திருப்பிப் படுக்கவைக்காவிடில் படுக்கைப்புண் தோன்றும். ‘திருப்பிப் படுக்கவைத்தேன்’ என்று நேரம் குறித்துக் கையொப்பமிடும் ஏடு இருந்தால்தான் அது தவறாமல் நிகழும். பகற்பணியாளர் இரவுப் பணியாளரிடம் பொறுப்பை ஒப்படைக்கும்போது, யார் உண்ணவில்லை, யாருக்குக் காய்ச்சல், யார் மகனின் அழைப்பை எதிர்பார்த்து வருந்தினார் என்பனவற்றைக் கூறிச் செல்ல வேண்டும். மருந்தின் பெயரையும் அளவையும் நினைவை நம்பி விடலாகாது.

ஒவ்வோர் இடத்திற்கும் உரிய தேவைகளும் உண்டு. கன்னியாகுமரி மாவட்டம் தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை ஆகிய இரண்டையும் பெறுவது. ஆண்டின் பல மாதங்கள் முற்றமும் படியும் ஈரமாகவே இருக்கும். கைப்பிடிக் கம்பியும் வழுக்காத தரையும் இங்கு ஆடம்பரம் அல்ல. உணவும் அவ்வாறே. வாழ்நாளெல்லாம் கஞ்சியும் பயறும், மரச்சீனிக்கிழங்கும் மீன்குழம்பும் உண்டு பழகிய மூதாட்டிக்கு நாள்தோறும் ரவை உப்புமா அளித்துவிட்டு, ‘சரியாக உண்பதில்லை’ என்று ஏட்டில் எழுதுதல் முறையன்று. அவர் என்ன உண்டு வாழ்ந்தவர் என்று கேட்பதே பராமரிப்பின் தொடக்கம்.

முதியவர் ஒருவர் இரவில் தவறி விழுந்தார் எனக் கொள்வோம். அச்சத்தால் நடத்தப்பெறும் இல்லத்தில், ‘அப்போது பணியில் இருந்தவர் யார்?’ என்னும் வினா முதலில் எழும். தண்டனைக்கு அஞ்சிய பணியாளர் அடுத்த முறை விழுந்ததை மறைத்துவிடுவார். நல்ல இல்லத்தில், ‘அவர் ஏன் எழுந்தார்? விளக்கு எரிந்ததா? அழைப்புமணி கைக்கு எட்டியதா?’ என்னும் வினாக்கள் எழும். ஓராண்டு முழுவதும் எவரும் விழவில்லை எனக் கூறும் ஏடு பாதுகாப்பிற்குச் சான்றாகாது. உண்மை எழுதப்படவில்லை என்பதற்கும் அது சான்றாகலாம். குறையைச் சொன்னவரைப் பாதுகாப்பதே தலைமையின் கடமை. வேண்டுமென்றே துன்புறுத்தியவரை விட்டுவைக்காமையும் அத்தலைமையின் கடமையே.

பணியாளரின் நிலையும் எண்ணத்தக்கது. உரிய ஊதியமும் ஓய்வும் பயிற்சியும் இன்றி, பதினாறு மணி நேரம் நின்று வேலைசெய்பவரிடம் பொறுமையை எதிர்பார்க்க இயலாது. மதிக்கப்படாத கை, மற்றவரை மதிப்போடு தூக்கிவிடுவது அரிது. பொன்னம்மாள் தம் கையால் துணி துவைத்ததன் பொருள் இங்கு மீண்டும் விளங்கும்.

நாளைய பொறுப்பு

2011ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் எழுத்தறிவு விழுக்காட்டில் கன்னியாகுமரி மாவட்டம் 91.75 விழுக்காட்டுடன் முதலிடம் பெற்றது. கல்வி பிள்ளைகளை வெளியூருக்கும் வெளிநாட்டிற்கும் அழைத்துச் சென்றது. அவர்கள் அனுப்பிய பணத்தில் எழுந்த வீடுகள் பலவற்றில் முதியோர் தனித்து வாழ்கின்றனர். பிள்ளைகளின் அன்பு குறைந்துவிட்டது என்று இதற்குப் பொருளன்று. அன்பைச் செயலாக்கத் தொலைவு இடந்தரவில்லை. ஆகவே, முதியோர் இல்லங்கள் இனிவரும் நாளில் குடும்ப வாழ்வின் ஒரு பகுதியாகவே அமையக்கூடும்.

இன்றைய மாணவர் நாளை அத்தகைய இல்லத்தில் செவிலியராகலாம், நிருவாகியாகலாம், ஆய்வுக்கு வரும் அரசு அலுவலராகலாம். தம் தாய்க்கோ தந்தைக்கோ ஓர் இல்லத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டிய நிலைக்கும் உள்ளாகலாம். அப்போது வாயிலில் உள்ள பெயர்ப்பலகையையும் வரவேற்பறையின் பளிங்குத் தரையையும் கண்டு முடிவுசெய்தல் போதாது. உள்ளே சென்று, அங்கு வாழ்வோரைப் பணியாளர் பெயர் சொல்லி அழைக்கின்றனரா, படுக்கை எண்ணைச் சொல்லி அழைக்கின்றனரா என்று செவிகொடுத்துக் கேட்டல் வேண்டும். அவ்வில்லம் அறக்கோட்டமா, சிறைக்கோட்டமா என்பது அந்த அழைப்பிலேயே விளங்கத் தொடங்கும்.

தெரிந்து தெளிவோம்

• மருத்துவர் முத்துலெட்சுமி ரெட்டி, ஆதரவற்ற பெண்களுக்காக 1930ஆம் ஆண்டில் சென்னையில் அவ்வை இல்லத்தைத் தொடங்கினார். பெண்களைப் பொட்டுக்கட்டி விடும் வழக்கத்தைத் தடுக்கும் சட்டம் சென்னை மாகாணத்தில் 1947ஆம் ஆண்டில் நிறைவேறியது.

• திருவிதாங்கூரின் தென்பகுதி வட்டங்கள் 1956ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் தமிழகத்துடன் இணைந்து கன்னியாகுமரி மாவட்டமாயின.

• பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு மற்றும் நலச் சட்டம் 2007இல் இயற்றப்பட்டது. வறிய முதியோர் குறைந்தது 150 பேர் தங்கும் வகையில், மாவட்டத்திற்கு ஒன்றேனும் என முதியோர் இல்லங்களை மாநில அரசுகள் அமைக்கலாம் என அச்சட்டம் கூறுகிறது.

கற்பவை கற்றபின்

1. ‘இவ்விதி யாருடைய வசதிக்காக உள்ளது?’ என்னும் வினாவை உங்கள் பள்ளியிலோ விடுதியிலோ உள்ள விதிகளுள் மூன்றனுக்குப் பொருத்திக் கலந்துரையாடுக.

2. உங்கள் வீட்டிலோ அருகிலோ வாழும் முதியவர் ஒருவரிடம், அவர் தாமே முடிவெடுக்க விரும்பும் செயல்கள் யாவை எனக் கேட்டறிந்து ஒரு பக்க அளவில் எழுதுக.

3. நெய்யூர், ஏர்வாடி, ஆய்க்குடி ஆகிய மூன்று நிகழ்வுகளும் தலைமைப்பண்பு குறித்து உணர்த்தும் கருத்துகளை ஒப்பிட்டுக் கட்டுரை வரைக.